டிரில் பிரஸ்: மரத்தில் நேர்த்துளை வந்த வழி

டிரில் பிரஸ் என்பது தூணில் பொருத்தப்பட்ட துளையிடும் இயந்திரம். இந்தியப் பட்டறைகளில் பெஞ்ச் டிரில், பில்லர் டிரில் என்ற பெயர்களே அதிகம் வழங்குகின்றன. மோட்டாரால் சுழலும் அச்சு செங்குத்தாக மேலும் கீழும் மட்டும் நகரும். துளையிட வேண்டிய பொருள் அதன் அடியிலுள்ள மேசையில் கிடக்கும். இரும்பு வேலைக்காக உருவான இந்த இயந்திரம் 1930-களுக்குப் பிறகு, மரவேலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வாங்கும் இயந்திரங்களில் ஒன்றானது.

மரத்தில் துளையிடுபவருக்கு ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் உண்டு. கருவியைச் சுழற்ற வேண்டும், அழுத்த வேண்டும், சாயாமல் பிடிக்க வேண்டும், தேவையான ஆழத்தில் நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் உடல் உழைப்பு. சில நாட்களில் பழகிவிடும். மூன்றாவதுதான் ஆண்டுக்கணக்கில் கைக்கு வர வேண்டியது. இந்த வேலைகள் மனிதக் கையிலிருந்து கருவிக்கு இடம்பெயர்ந்த வரலாற்றில், சாயாமல் பிடிக்கும் வேலையே மிகத் தாமதமாகத் தொடக்கநிலையாளரின் தோளிலிருந்து இறங்கியது.

வில்லும் கயிறும்

துளையிடும் கருவி உழவைப் போலவே பழமையானது. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கர் புதைகுழிகளில், 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, துளையிடப்பட்ட 11 கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. அவை 9 பேருடையவை. கல் அலகு பொருத்திய வில் துரப்பணத்தால் அவை துளைக்கப்பட்டன என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறியது. மணி கோப்பவர்களின் கைத்திறன் பல்லுக்கும் பயன்பட்டிருக்கிறது.

தமிழில் இக்கருவிக்குத் துரப்பணம் என்று பெயர். நுனியில் அலகு கொண்ட ஒரு தண்டு, அதைச் சுற்றிய கயிறு, கயிற்றை இழுக்கும் வில், தண்டின் தலையை அழுத்திப் பிடிக்கும் கூடு ஆகியவை அதன் உறுப்புகள். எகிப்தின் தீப்ஸ் நகரில் உள்ள ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்தில் (கி.மு. 15-ஆம் நூற்றாண்டு) தச்சர்கள் ஏறத்தாழ இதே கருவியைக் கொண்டு வேலை செய்கிறார்கள்.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் ஆணி இல்லை. பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் அவற்றைத் தைப்பார்கள். அடுத்தடுத்த பலகைகளின் துளைகள் எதிரெதிரே அமையாவிட்டால் தையல் இறுகாது, படகில் நீர் புகும். அங்கே நேர்த்துளை என்பது அழகு சார்ந்ததன்று, கடலில் செல்பவரின் உயிர் சார்ந்தது.

ஹோமரின் ஒடிசி காவியத்தின் ஒன்பதாம் பகுதியில், ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கும் காட்சிக்குக் கப்பல் தச்சு வேலை உவமையாகிறது. ஒருவர் துரப்பணத்தை மேலிருந்து பிடித்திருக்க, மற்றவர்கள் இருபுறமும் வாரைப் பற்றி மாறிமாறி இழுக்கிறார்கள். சுழற்றும் வேலை உதவியாளர்களிடம் போய்விட்டது. திசையைக் காக்கும் வேலை ஒருவரிடமே நிற்கிறது. பட்டறையில் புதிதாகச் சேர்பவருக்குக் கயிற்று முனைதான் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வில் துரப்பணத்துக்கு ஒரு குறை உண்டு. அது முன்னும் பின்னுமாகச் சுழல்வது. ஆகவே இரு திசையிலும் சுரண்டக்கூடிய தட்டையான அலகுதான் அதற்குப் பொருந்தும். மரச்சீவலை மேலே தூக்கி எறியும் திருகு வடிவ அலகு வேண்டுமென்றால் ஒரே திசையில் சுழற்சி வேண்டும்.

வளைபிடி

கைப்பிடித் தண்டைத் திருகிச் சுழற்றும் ஆகர் ஒரே திசையில் சுழலும். ஆனால் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் கையை மாற்ற வேண்டும். இடைவிடாத சுழற்சியை மரத்தச்சருக்குத் தந்தது வளைபிடித் துரப்பணம், அதாவது பிரேஸ். 1427-க்கும் 1432-க்கும் இடையில் ராபர்ட் காம்பினின் ஓவியக்கூடத்தில் வரையப்பட்ட மெரோட் பலிபீட ஓவியத்தின் வலப்பக்கப் பலகையில், தச்சரான யோசேப்பு அதைக்கொண்டு ஒரு பலகையில் துளைகள் போடுகிறார். மேசைமேல் அவர் செய்த எலிப்பொறி இருக்கிறது. ஐரோப்பாவில் பிரேஸைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்றான இது, இப்போது நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிரேஸ் வந்த பிறகு ஒரே ஆள் உடல் எடையால் அழுத்திக்கொண்டே நிறுத்தாமல் சுழற்ற முடிந்தது. சாய்வு மட்டும் தீரவில்லை. வளைபிடி ஒவ்வொரு சுற்றிலும் அலகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அதோடு மரமும் ஒத்துழைக்காது. ஆண்டு வளையத்தின் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் அடுத்தடுத்து வருவதால், அலகு எளிதான வழியைத் தேடி வழுக்கும். தச்சர் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்திக் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டே துளையிட்டார். இந்த வழக்கம் இன்றும் உண்டு.

போர்ட்ஸ்மத்

நேர்த்துளையை இயந்திரத்தின் பொறுப்பாக்கிய பெரிய முயற்சி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பற்படைத் தளத்தில் நடந்தது. அதுவும் மரத்தில்தான் நடந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

பாய்மரப் போர்க்கப்பலின் கயிறுகள் எல்லாம் மரக் கப்பிகள் வழியாக ஓடும். 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலுக்கே 900-க்கு மேற்பட்ட கப்பிகள் தேவை. நெப்போலியனுடனான போர்க்காலத்தில் கப்பற்படைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,00,000 கப்பிகள் வேண்டியிருந்தன. எல்ம் மரத்தாலான கூடு, லிக்னம் விட்டே என்ற மிகக் கடினமான மரத்தாலான சக்கரம், நடுவே ஓர் அச்சாணி. அச்சாணித் துளை சற்றே கோணினாலும் சக்கரம் கூட்டின் சுவரில் உரசும், கயிறு சிக்கும்.

பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த மார்க் இசம்பார்டு புரூனெல் இதற்கான இயந்திரத் தொடரை வடிவமைத்து 1801-இல் காப்புரிமை பெற்றார். அப்போது கப்பற்படைக்குக் கப்பி வழங்கிவந்தது சவுத்தாம்ப்டனின் டெய்லர் குடும்பம். புரூனெல் முதலில் அவர்களைத்தான் அணுகினார். தங்கள் கப்பிகளை மேம்படுத்த இனி இடமில்லை என்று கருதி சாமுவேல் டெய்லர் மறுத்துவிட்டார். பிறகு கப்பற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் சாமுவேல் பெந்தாமின் ஆதரவு கிடைத்தது. இயந்திரங்களை இரும்பில் வார்த்துத் துல்லியமாகச் செய்து கொடுத்தவர் லண்டனின் ஹென்றி மாட்ஸ்லே.

நீராவியால் இயங்கிய 45 இயந்திரங்களில் துளையிடும் இயந்திரம் முதல் கட்டத்தில் வந்தது. மரக்கட்டையை அதில் இறுக்கிவிட்டால், அச்சாணிக்கான துளையும், சதுரக் குழி வெட்டும் உளி நுழைவதற்கான தொடக்கத் துளையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் விழும். இன்றைய டிரில் பிரஸ்ஸின் தோற்றம் அதற்கு இல்லை. ஆனால் அடிப்படைக் கருத்து அதேதான்: மரம் அசையக்கூடாது, அச்சு ஒரே கோட்டில் மட்டும் நகர வேண்டும், கோணத்தை இரும்புச் சட்டம் காக்க வேண்டும்.

1808 அளவில் ஆண்டு உற்பத்தி 1,30,000 கப்பிகளை எட்டியது. முன்பு 110 தேர்ந்த தொழிலாளர்கள் செய்ததை, தனிப் பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். ஓராண்டில் அரசு சேமித்த தொகையான சுமார் 17,000 பவுண்டு புரூனெலுக்குக் கொடுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகின்றன. அந்த 110 பேரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர்கள் விற்றுவந்த பொருளே கையின் நேர்மைதான். அது ஒரு வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்த 10 பேருக்கோ ஒரு தொழிலின் கதவு திறந்தது, ஆனால் அவர்கள் தச்சர்கள் ஆகவில்லை. இயந்திரம் அவர்களுடையதும் அல்ல. தொடக்கநிலையாளர் தனக்கென நேர்த்துளை போட்டுக்கொள்ள இன்னும் 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அலகும் பிடியும்

இடைப்பட்ட காலத்தில் சிறிய கண்டுபிடிப்புகள் பல சேர்ந்தன. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீவன் மோர்ஸ் 1863-இல் முறுக்கு டிரில் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எல்லோர் பெட்டியிலும் இருப்பது அதுதான். அது இரும்புக்காகப் பிறந்தது. மரத்தில் தொடக்கப் புள்ளியிலிருந்து நழுவும். நடுவே கூர்முனை கொண்ட பிட்டுகள் மரத்துக்கு நல்லவை.

ஆரெகனில் துப்பாக்கி செய்பவராக இருந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-இல் காப்புரிமை பெற்ற பிட் மரவேலைக்கு இதைவிட முக்கியமானது. நடுவே இழுத்துச் செல்லும் திருகு அதில் இல்லை; சுற்று விளிம்பே வழிகாட்டும். எனவே பலகையின் ஓரத்தில் அரைவட்டமாகவும், முன்பு போட்ட துளையின்மேல் பாதி படியுமாறும் துளைக்கலாம். அடிப்பகுதி தட்டையாக அமையும். ஆனால் கையில் பிடித்த கருவியில் அதை ஆடாமல் நடத்துவது கடினம். பிட் முதலில் வந்தது, அதற்கு ஏற்ற இயந்திரம் தொடக்கநிலையாளரின் வீட்டுக்குப் பின்னர் வந்தது.

பிட்டைப் பிடிக்கும் சக்கின் கதை எளியது. ஸ்பேனரால் இறுக்கும் பழைய சக்குகளில் விரல்மொட்டுகள் அடிபட்டுச் சலித்த ஆர்தர் ஜேக்கப்ஸ், பற்சக்கரச் சாவியால் மூன்று தாடைகளையும் ஒன்றாக இறுக்கும் சக்கை உருவாக்கி 1902-இல் காப்புரிமை பெற்றார். ஒரு காயத்தைத் தவிர்த்த அந்தச் சாவி வேறொரு ஆபத்தைக் கொண்டுவந்தது: சக்கிலேயே மறந்துவிடப்பட்டால், இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது கல்லைப்போல் பறக்கும்.

வீட்டின் அடித்தளத்துக்கு

1889-இல் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் இருவரும் மின்துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார்கள். எனினும் இயந்திரம் தனிமனிதர்களின் கைக்கு வரச் சிறிய மோட்டாரும் வீட்டு மின்சாரமும் தேவைப்பட்டன. 1930 வாக்கில் அமெரிக்க நகர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்திருந்தது. மில்வாக்கியில் ஹெர்பர்ட் டாட்ஸ் 1919-இல் தொடங்கிய டெல்டா நிறுவனம், வீட்டுப் பட்டறைக்கென்றே சிறிய இயந்திரங்களைச் செய்து விற்றது. அவற்றில் மேசைமேல் வைக்கும் டிரில் பிரஸ்ஸும் ஒன்று. படிப்படியான கப்பிகளில் பெல்ட்டை மாற்றி வைத்தால் வேகம் மாறும். ஆழத்தைத் திருகுமரையால் நிர்ணயித்துக்கொள்ளலாம். நான்கு வேலைகளில் சுழற்சி, திசை, ஆழம் ஆகிய மூன்றும் இப்போது இயந்திரத்தின் பொறுப்பு. அழுத்துவதற்கு ஒரு நெம்புகோல் போதும்.

தொழில் கற்றுத்தர ஆசான் இல்லாத அந்த வாங்குபவர்களுக்காக டெல்டா சிறுநூல்களை வெளியிட்டது. டிரில் பிரஸ்ஸை முழுமையாகப் பயன்படுத்துவது பற்றி சாம் பிரவுன் எழுதியது அவற்றில் புகழ்பெற்றது. துளையிடுவதைத் தாண்டி, சதுரக்குழி வெட்டுவது, உப்புத்தாள் உருளையால் வளைவுகளைத் தேய்ப்பது எனப் பல வேலைகளை அது சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் உருவாக்கிய ஷாப்ஸ்மித், கடைசல் இயந்திரத்தையே நிமிர்த்தி நிறுத்தினால் டிரில் பிரஸ் ஆகுமாறு அமைந்தது.

தமிழ்நாட்டில் இதன் பாதை வேறு. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பயிற்சியில் இந்த இயந்திரம் உண்டு, ஆனால் கதவும் நிலையும் செய்யும் தச்சர்கள் கையில் பிடிக்கும் மின்துளைப்பானையே நாடுகிறார்கள். காரணம் வெளிப்படை. வேலை நடப்பது கட்டடத்தில். அங்கே கருவி மரத்திடம் போகவேண்டும். டிரில் பிரஸ்ஸிலோ மரம் கருவியிடம் வரவேண்டும்.

கைக்கு வந்த புதிய வேலை

துளையை நேராக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட கைக்கு, மரத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை வந்து சேர்ந்தது. தொடக்கநிலையாளருக்கு ஆபத்து இங்கேதான். பிட் மரத்தின் மறுபக்கத்தைத் துளைத்து வெளியேறும் கணத்தில் கவ்விக்கொண்டால், பலகை பிட்டோடு சேர்ந்து சுழலும். மேலிருந்து பார்க்க அது கடிகாரத் திசையில் சுழலும் என்பதால், நீளமான பலகையை இடப்பக்கம் நீட்டி, தூணின் இடப்புறத்தில் அணைத்து வைப்பது பழைய வழக்கம். பிடி நழுவினாலும் பலகை தூணில் மோதி நிற்கும். சிறிய துண்டுகளுக்குக் கிளாம்ப்தான் பாதுகாப்பு. கையுறை, தொங்கும் சட்டைக்கை, துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் அச்சின் அருகே கூடாது.

நுனியில் திருகு கொண்ட ஆகர் பிட்டுகளை இதில் மாட்டுவதும் தவறு. கையால் மெதுவாகச் சுழற்றும்போது மரத்துக்குள் இழுத்துச் செல்லும் அந்தத் திருகு, மோட்டார் வேகத்தில் மரத்தையே தூக்கிவிடும். வேகமும் பிட்டின் விட்டத்தைப் பொறுத்தது. 3 மி.மீ. முறுக்கு பிட் நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுத்தமாக வெட்டும், 50 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கு 500-க்குக் கீழே வேண்டும். மீறினால் மரம் கருகும், பிட்டின் கூர் போகும். பலகையின் அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்தால் வெளியேறும் பக்கத்தில் சிராய் கிளம்பாது.

இயந்திரம் நேராகத்தான் துளைக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. மேசை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு துளையும் ஒரே அளவில் கோணலாகவே விழும். வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி, அதன் முனை மேசையைத் தொடுமாறு கையால் சுற்றிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். மேசைகள் இன்றும் இரும்பு வேலைக்கேற்பச் சிறிதாகவே வருவதால், மரவேலைக்காரர்கள் அதன்மேல் பிளைவுட் மேசையும் அணைவுக்கட்டையும் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். பலருக்கு அந்த இயந்திரத்தில் செய்யும் முதல் மரவேலை அதுவாகவே அமைகிறது.

டெல்டா 1945-இல் ராக்வெல் நிறுவனத்தின் கைக்கும், 1984-இல் பென்டேர் நிறுவனத்தின் கைக்கும் போனது. அந்த ஆண்டுகளில் தைவானில் செய்யப்பட்ட மலிவான டிரில் பிரஸ்கள் சந்தையை நிறைத்து, விலையை மேலும் பல வீடுகளுக்கு எட்டும் அளவுக்குக் குறைத்தன. 2011-இல் டெல்டா பெயரை வாங்கியது தைவானின் சாங் டைப் நிறுவனம்.