தட்டி வானும் செப்புக் குழாயும்

வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், நிறம், எரிபொருள் எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒரு பழைய வண்டியின் கதையை அதில் தேடினால் கிடைக்காது. 1990களின் முதற்பாதியில் எங்கள் வீதிகளில் ஓடிய எத்தனையோ கார்களின் புத்தகத்தில் எரிபொருள் ‘பெற்றோல்’ என்றே இருக்கிறது. அவை ஓடியது மண்ணெண்ணெயில். புத்தகம் சொல்லாததை எஞ்சினில் சுற்றிய செப்புக் குழாயும், பலகையில் அடித்த ஆணியும் சொல்லும். வண்டி கைமாறும்போது முதலில் கழற்றி எறியப்படுவதும் அவைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா தெல்லிப்பழையில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் கராஜ் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான். திருத்துவது எங்கள் தொழிலில் பாதி. பழைய வண்டியை வாங்கி, வேறு தேவைக்கு மாற்றிக் கட்டி விற்பது மறுபாதி. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்த வீதியில் லொறி ஓய்ந்ததில்லை. அங்கே உழைத்துத் தேய்ந்த லொறியின் சேசிஸ் கராஜுக்கு வந்தால், அதன்மேல் என்ன கட்டலாம் என்று அப்பா கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அதிகம் கேட்கப்பட்டது தட்டி வான்.

தட்டி வானைக் காணாத தலைமுறைக்காகச் சொல்கிறேன். முன்பக்கம் லொறியின் மூக்கு. செவர்லெட், ஃபோர்ட், பெட்போர்ட், ஒஸ்ரின், எது கிடைத்ததோ அது. பின்னால் எங்கள் தச்சர்கள் அடித்த மரக்கூடு. பக்கங்கள் திறந்தபடி, மழைக்கு இறக்கிவிடச் சுருட்டிக் கட்டிய படங்கு. உள்ளே பலகை இருக்கைகள், மேலே சாமான் கட்டும் கூரை. பின்பக்கத்தில் இரண்டு சங்கிலியில் தொங்கும் தட்டி. அதை இறக்கினால் வாழைக்குலையும் புகையிலைச் சிப்பமும் மீன்கூடையும் ஏறும். அதற்கும் மேலே கிளீனர் தொங்குவார். சந்தைக்குப் போகிறவர் தன் மூட்டையோடு ஒரே வண்டியில் போய்ச்சேர வேண்டும் என்ற தேவையில் பிறந்த வண்டி அது. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. பஸ்ஸில் குலையும் கூடையும் ஏற்ற வழியில்லை. அதனால் தட்டி வான் நிலைத்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அண்மைக்காலம் வரைக்கும் ஓடியது.

சந்தை இல்லாத நாளில் அதுவே யாத்திரை வண்டி. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, பிறகு வல்லிபுரம், சன்னிதி, நெடுந்தூரமென்றால் திருக்கேதீச்சரம், கோணேசர், கதிர்காமம். மாவிட்டபுரமும் கீரிமலையும் போகிற கூட்டம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால், திருவிழாக் காலத்தில் அப்பாவிடம் ஹயருக்குக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். அரிசி, பருப்பு, சரக்குத்தூள், குக்கர் அடுப்பு, கிடாரம், பாய், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் ஏறும். குளக்கரையில் நிறுத்திச் சமைப்பார்கள். மடம் கிடைக்காத இரவில் வண்டியிலேயே படுப்பார்கள். இதற்காகவே அப்பா தன் பெட்போர்ட் வானில் இருக்கைப் பலகைகளைக் கழற்றி நடுவில் பொருத்தும்படி முதிரைச் சட்டத்தில் தவாளிப்பு வெட்டியிருந்தார். பலகைகளைச் சேர்த்தால் நாலு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். இறக்கிய தட்டி சமையல் மேசை. ஜெர்மனியில் வெஸ்ற்ஃபாலியா கம்பனி 1951இல் ஃபோக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கியது. உலகம் அதைத்தான் பயண வானின் தொடக்கமாகப் பேசுகிறது. அதே காலத்தில் தெல்லிப்பழையிலும் ஒருவர் தன் ஊராரின் பயணத்துக்கு ஏற்ப ஒரு வானைக் கட்டினார் என்று எழுத எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

பழைய வண்டி வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது இலக்கத் தகட்டை. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று தொடங்கினால் 1957க்கு முந்திய பதிவு. அந்த ஆண்டுதான் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் அந்த எழுத்தின்மேல் தார் பூசி எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் எங்கள் தொகுதியின் மனிதர், தெல்லிப்பழை யூனியன் கல்லூரியில் படித்தவர். ஆகவே எங்கள் ஊரில் வண்டியின் வயதைக் கேட்பதும் அந்தக் காலத்தைக் கேட்பதும் ஒன்றாகவே இருந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை இலங்கையில் புதுக் கார் அருமையான பொருள். ஏற்கெனவே இறங்கியிருந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் சோமசெற்றும் ஏ-40 கேம்பிறிட்ஜும்தான் எல்லாருக்கும் கதி. ஒரு காரை ஐந்து பேர் மாறி மாறி வாங்குவார்கள். ஒவ்வொரு கையிலும் ஏதாவது மாறும். உடைந்த பாகத்துக்குப் பதில் பாகம் இல்லையென்றால் லேத்தில் கடைந்து போடுவோம். அந்தப் பதினைந்து ஆண்டுத் தட்டுப்பாடு எங்கள் மெக்கானிக்குகளின் கையைத் தேற்றிவிட்டது. பின்னால் வந்ததைத் தாங்க அந்தக் கைதான் உதவியது.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் வெளிக்கிட்டார்கள். நாங்கள் கராஜைப் பூட்டி, எடுக்கக்கூடிய கருவிகளைத் தட்டி வானில் ஏற்றிக்கொண்டு இணுவிலுக்குப் போனோம். பூட்டிய கதவின் சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் வருடக்கணக்காகத் தொங்கியது. வளவு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

அரசின் பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து எதுவும் குடாநாட்டுக்குள் வரவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது, அதுவும் கொள்ளை விலைக்கு. இணுவிலில் ஒரு மாமரத்துக்குக் கீழே, பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வேலையை அப்பா தொடங்கினார். பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை பெற்றோலில் பிடித்து, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடும்படி இங்கிலாந்திலேயே செய்யப்பட்டதை அவர் அறிவார். “உழவு மெசினுக்கு ஏலுமெண்டால் காருக்கு ஏன் ஏலாது தம்பி?” என்றார்.

வேலை இப்படி நடக்கும். பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தலைத் தலைகீழாகக் கட்டுவோம், அதில் பெற்றோல். அதிலிருந்து சேலைன் குழாய் காபரேற்றருக்குப் போகும். வழியில் ஒரு திருகு. மண்ணெண்ணெய் வரும் வழியில் செப்புக் குழாயைப் புகைபோகும் குழலின்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றுவோம். குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறித்தான் உள்ளே போகவேண்டும். பிடிக்கும்போது சொட்டுச் சொட்டாகப் பெற்றோல். எஞ்சின் சூடானதும் திருகை மாற்றினால் மண்ணெண்ணெய். நிறுத்துமுன் மறுபடி கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தநாள் காலை காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்று பிடிக்காது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் முந்திக்கொண்டு வெடித்துத் தட்டும். அதற்கு எஞ்சின் தலைக்குக் கீழே இரண்டு காஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்போம், பொறி பாயும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைப்போம். பிரித்தானியப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் இயல்பிலேயே குறைவு. அதனால்தான் ஏ-40 ஓடியது. பிந்தி வந்த ஜப்பான் பெற்றோல் கார்கள் முரண்டு பிடித்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது தினக் கடமை. வெள்ளைப் புகையும் அந்த மணமும் யாழ்ப்பாணத்து வீதிகளின் மணமாகவே ஆகிவிட்டன.

அந்த நாட்களில் வண்டி வாங்க வருகிறவர் நிறத்தைக் கேட்கவில்லை. “எத்தினை சொட்டிலை பிடிக்கும் அண்ணை?” என்று கேட்டார். விற்றவர்களின் தேவையும் வேறாக இருந்தது. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய காசுக்காகத் தாலிக்கொடிக்கு அடுத்து விற்கப்பட்டது கார். பெயர் மாற்றக் கொழும்புக்குப் போக வழியில்லை. கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு, ஓப்பின் பேப்பரில், வண்டி கை மாறிக்கொண்டே போகும். புத்தகத்தில் இருந்தவர் கனடாவில் பேரப்பிள்ளை கண்டிருப்பார், வண்டி இங்கே நாலாவது கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, வலிகாமமே எழும்பி நடந்தது. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன லட்சக்கணக்கானவர்களில் நாங்களும் இருந்தோம். மழை. தட்டி வானில் எங்கள் வீட்டாரோடு அயலில் இருந்த நடக்கமுடியாத முதியவர்களும் இருந்தார்கள். கதிர்காமப் பயணத்துக்கென்று அப்பா வெட்டிய தவாளிப்பில் பலகைகளைச் சேர்த்து அவர்களைக் கிடத்தினோம். நடைவேகத்தில் ஊர்ந்த வண்டியில் எஞ்சின் அணைந்தால் மறுபடி பிடிக்கப் பெற்றோல் போதாது என்று, திருகில் கைவைத்தபடியே அப்பா இருந்தார். அந்தச் சட்டத்தில் ஓரிடத்தில் மரம் பிளந்திருக்கிறது. பாரம் தாங்காமல் அன்று பிளந்தது. பிறகு இரும்புப் பட்டி அடித்து இறுக்கினோம்.

2002 ஏப்ரலில் தெற்குக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தது. தெற்கிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். வீட்டுக் கொட்டில்களில் கோழி அடைகிடந்த மொறிஸ் மைனர்கள் விலை பேசப்பட்டன. அவர்கள் வண்டியை மதித்தார்கள், நல்ல காசும் கொடுத்தார்கள். ஆனால் வாங்கியதும் செய்த முதல் வேலை, செப்புக் குழாயைக் கழற்றுவது. ஒற்றைக் காஸ்கெற், கம்பனி நிறம், கம்பனிக் கைபிடி. 1954இல் இங்கிலாந்துத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடி ஆக்குவது அவர்களின் பெருமை. அப்படி ஆக்கிய கார் அழகானதுதான். ஆனால் அது இங்கிலாந்துத் தொழிற்சாலையின் கார். எங்கள் மண்ணில் அது வாழ்ந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளும் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. கழற்றி எறியப்பட்ட குழாய்கள் சிலவற்றை அப்பா ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்து வைத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

தடையும் தட்டுப்பாடும் மறுபடி வந்தன. 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்த ஓகஸ்ற்றில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. பழைய வான்களுக்கு விலை ஏறிற்று, மாற்றிக் கட்டும் வேலைக்கும் உயிர் வந்தது. இப்போது இளம் பிள்ளைகள் வானுக்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் பொருத்தி மணற்காடு, கசூரினா கடற்கரைகளுக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடக் கேட்கிறார்கள். அப்படி ஒரு தம்பி எங்கள் தட்டி வானைக் கேட்டு வந்தார். எனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். விற்கச் சம்மதித்தேன்.

பொனற்றைத் திறந்தவர், “உதெல்லாம் கழட்டிப்போட்டுத் துப்பரவாக்கலாம் என்ன ஐயா?” என்றார். அச்சாரம் வாங்குமுன் அவரை இருத்தி, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். டீசல் எஞ்சின் வைக்கட்டும், மெத்தை போடட்டும், கூரையில் சூரியத் தகடு பொருத்தட்டும். மாறிக்கொண்டே இருப்பதுதான் தட்டி வானின் இயல்பு, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பழைய மாற்றத்தை அழிக்காமல் புதியதைச் செய்யவேண்டும் என்பதே என் நிபந்தனை. தவாளிப்பு வெட்டிய சட்டமும் இரும்புப் பட்டியும் அப்படியே இருக்கவேண்டும். எஞ்சினை மாற்றினால் குழாயை வண்டிக்குள்ளேயே ஓரிடத்தில் பொருத்தி வைக்கவேண்டும். அவர் ஒத்துக்கொண்டார்.

புத்தகத்தோடு இன்னொரு தாளும் எழுதிக் கொடுத்தேன். எந்த ஆண்டு எந்தப் பாகம் ஏன் மாறியது, எந்த மரம், எந்த ஊர்த் தச்சர், எந்த நாளில் எங்கே பிளந்தது என்று. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாரிடமும் நான் கேட்பது அந்தத் தாளைத்தான். விற்குமுன் எழுதுங்கள். தெரியாததை, அதைத் திருத்திய மெக்கானிக் உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். வாங்குகிறவர்களே, விலை பேசும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கென்று கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.