கோஸ்டா ரிகாவின் காட்டுச் சேவைக் கட்டணம்

இது கோஸ்டா ரிகாவில் சொந்த நிலத்திலுள்ள இயற்கைக் காட்டை வெட்டாமல் காப்பவர்களுக்கு அரசு பணம் வழங்கும் திட்டம். 1996ஆம் ஆண்டின் 7575ஆம் எண் வனச் சட்டப்படி அமைந்து, 1997இல் நடைமுறைக்கு வந்தது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகள் பெருமளவு அழிக்கப்பட்டிருந்த நாடு அது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் இச்சட்டம் தடைசெய்தது. தடையின் சுமை முழுவதையும் உரிமையாளர் தலையில் கட்டாமல் ஈடு கொடுத்ததே இதன் நேர்மை.

பணத்தின் முதன்மை ஊற்று எரிபொருள் வரி. ஃபோனாஃபிஃபோ எனப்படும் தேசிய வன நிதியம் உரிமையாளருடன் பல ஆண்டு ஒப்பந்தம் செய்கிறது. வனப் பொறியாளர் நேரில் பார்த்துச் சான்றளித்தால்தான் தவணை வரும்.

நம் நாட்டுத் தேக்கும் குமிழும் அங்கே அயல் மரங்கள். காட்டைக் காப்போருக்கு மட்டுமன்றி, அவற்றைத் தோட்டமாக நடுவோருக்கும் இத்திட்டத்தில் உதவி கிடைத்தது. பின்னர் உள்நாட்டு மரங்களை நடுவோருக்குக் கூடுதல் தொகை வந்தது. உள்நாட்டு மரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அழிவின் விளிம்பிலுள்ள பெரும்பச்சை மக்கா கிளி, அல்மெந்த்ரோ என்னும் உள்நாட்டு மரத்தின் பொந்துகளில்தான் பெரும்பாலும் கூடு கட்டுகிறது. அம்மரத்தின் கொட்டைகளையே பெரும்பாலும் தின்கிறது. தேக்குத் தோப்பு அக்கிளிக்கு வீடாகாது.

எப்படியும் வெட்டப்படாத தொலைதூர நிலங்களுக்கும் பணம் போனது என்ற விமர்சனம் நியாயமானது. இப்போது நிலத்தின் முக்கியத்துவத்தைப் புள்ளிகளால் மதிப்பிட்டு முன்னுரிமை தருகிறார்கள்.