மொரீஷியஸ் வழியாக...

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தெரியுமோ? கரும்புக்காட்டு வேலைக்குக் கப்பலேறிய நம்மவர்கள் விட்ட தடம். அந்தத் தீவு வழியாக நம் நாட்டு வரிப்பணமும் கைநழுவிய கதை இது.

1982-ல் இரு நாடுகளும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டன. பங்கு விற்ற லாபத்துக்கு, விற்பவர் வசிக்கும் நாட்டில்தான் வரி. மொரீஷியஸிலோ அந்த வரியே கிடையாது! 1992-ல் நம் பங்குச் சந்தை அந்நிய நிதி நிறுவனங்களுக்குத் திறந்தது. மேல்நாட்டுப் பணமெல்லாம் போர்ட் லூயிஸில் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு மும்பைக்கு வந்தது.

2000-ல் வரித்துறை நோட்டீஸ் விட்டதும் சந்தை ஆட்டம் கண்டது. உடனே, மொரீஷியஸ் அரசு தரும் இருப்பிடச் சான்றிதழே போதும் என்று சுற்றறிக்கை வந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. வரியை விட அந்நிய முதலீடுதான் பெரிதாகப் பட்டது டெல்லிக்கு. 2016-ல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இங்கே வரி.

"எஃப்.டி. வட்டியில ஏன் சார் டி.டி.எஸ். பிடிச்சீங்க?" என்று மாட்டுங்கா மாமாக்கள் கேட்கும்போதெல்லாம் இந்த 34 வருஷக் கதைதான் ஞாபகம் வரும். பதில் சொல்லாமல் படிவத்தை நீட்டுவேன். அவர்களுக்கு ஏது போர்ட் லூயிஸ் முகவரி?