வீட்டிலிருந்தபடியே அரசு மருத்துவர்

இ-சஞ்சீவனி, மத்திய அரசின் இலவசத் தொலை மருத்துவச் சேவை. 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களை மருத்துவர்களோடு இணைத்துத் தொடங்கிய இது, கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் நம் வீடுகளுக்கே வந்தது. செல்பேசியில் பதிவுசெய்து காணொளியில் மருத்துவரிடம் பேசினால், மருந்துச் சீட்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, செல்பேசி பழகாத முதியவர்கள் என்ன செய்வார்கள்? இச்சேவை உள்ள சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்குள்ள பணியாளரே இணைத்துக் கொடுப்பார். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குத் தொடர்ந்து மருந்து எடுப்போருக்குப் பெரிய அலைச்சல் மிச்சம். நெஞ்சுவலிக்கு இது ஆகாது, உடனே 108.

2021இல் நாடெங்கும் அறிமுகமான 14 இலக்க ஆபா எண், பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கும் நம் ஆவணங்களை இணைப்பதற்கானது. கட்டாயமில்லை. நம் ஒப்புதலோடுதான் அவற்றை மருத்துவர் பார்க்கலாம். நாமோ, யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லிவிடுகிறோம்.