கூலி: மூன்று மொழிகளில் ஒரு சொல்



பூனாகலை என்று என் ஊர்ப் பெயரைச் சொன்னால், பூனைக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. ஊவாவின் மலைச் சரிவில், பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே தேயிலை விரிந்து கிடக்கும் ஊர் அது. அதன் பெயரில் பூனையும் இல்லை, கலையும் இல்லை. சிங்களத்தில் ‘கல’ என்றால் கல், பாறை. தலவாக்கலையில் வரும் ‘கலை’யோ வேறு, அது காட்டைக் குறிக்கும் ‘கெலே’. பண்டாரவளையின் ‘வளை’, வயலைக் குறிக்கும் ‘வெல’. சிங்களப் பெயர்களின் ஈற்றை ஐகாரமாக்கி, எம்மவர் அவற்றைத் தமிழாக்கிக்கொண்டார்கள். பதுளை மாவட்டம் தந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934-2022) தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தோட்டப் பெயரிலும், தோட்டம் என்ற பொருள்தரும் சிங்கள ‘வத்த’ ‘வத்தை’யாகி நிற்கிறது.

இவையெல்லாம் சிறு வயதில் எனக்குத் தெரியா. தமிழ் வீட்டில் வந்தது. சிங்களம் கடைவீதியிலும், கிராமத்துப் பிள்ளைகளோடு பந்தடித்த இடத்திலும் வந்தது. இரண்டையும் பேசினேன், இரண்டையும் பற்றி யோசித்ததே இல்லை. மூன்றாவதாக ஆங்கிலம் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. அந்தக் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

வெளியூரில் தங்கிப் படித்த காலம். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், பதில் சொல்ல வாயைத் திறப்பேன். வந்து விழுவது சிங்களச் சொல். தாய்மொழியான தமிழ் வராது. மூன்றாம் மொழியைப் பேச முயல்பவரின் நாவில் இரண்டாம் மொழியே முந்திக்கொண்டு வருவதுண்டு என்று மொழியியலாளர் பின்னாளில் எழுதியதைப் படித்தபோதுதான், அது என் மந்தபுத்தி அல்ல என்று ஆறுதல் கொண்டேன்.

அடுத்து வந்தது வெட்கம். தோட்டத்துப் பேச்சை வகுப்பில் கேலி செய்தார்கள். விடுமுறைக்கு வீடு வந்த நான், அம்மாவைத் திருத்தத் தொடங்கினேன். “பெரட்டு என்று சொல்லாதீங்கம்மா, அது நல்ல தமிழ் இல்லை” என்றேன். கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கடா. பெரட்டுக்குப் போகலேன்னா எனக்குப் பேரு இல்ல.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். வேலை குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்களத்தில் நிற்காதவருக்கு அன்று பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஆங்கில வாசகம் ஒன்றில் ‘பரேட்’ என்ற சொல் எதிர்ப்பட்டது. அணிவகுத்து நிற்றல் என்று பொருள் எழுதிக்கொண்டேன். எழுதிய கை நின்றுவிட்டது. அம்மாவிடம் நான் விலக்கச் சொன்ன சொல், நான் பெருமையோடு படித்துக்கொண்டிருந்த ஆங்கிலமே! துரைமார் காலத்தில் மலையேறிய ‘பரேட்’, எம் மக்கள் வாயில் பெரட்டாகி வாழ்ந்துகொண்டிருந்தது. லயம் என்பதும் அப்படியே. வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பாரும், குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உளர்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, சிந்தனைக்கும் மொழிக்கும் உள்ள உறவு பற்றி எழுதி 1934இல் வெளிவந்த நூலில், இதற்குப் பொருத்தமான ஓர் உவமை கூறுகிறார். அட்சரகணிதம் கற்றவனுக்கு முன்பு கற்ற எண்கணிதம் புதிதாக விளங்குவதுபோல, பிறமொழி கற்றவனுக்குத் தன் மொழி விளங்குகிறது என்பது அவர் கருத்து. எனக்கு அப்படி விளங்கிய சொற்களில் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அது ‘கூலி’.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்று லயங்களில் பேச்சு நடந்த காலத்தில், பழைய காகிதம் ஒவ்வொன்றும் பொன்னாக இருந்தது. என் தந்தையார் தகரப்பெட்டியைத் திறந்து, பாட்டனாரின் பெயர் இருந்த ஆங்கிலப் பத்திரம் ஒன்றை நீட்டி வாசிக்கச் சொன்னார். தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

“என்னப்பா போட்டிருக்கு?”

“கூலின்னு போட்டிருக்கு.”

“எவ்வளவுன்னு போட்டிருக்கானா?”

நேயர்களே, நான் பதில் சொல்லவில்லை. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயன். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் அந்தச் சொல்லை முயற்சியின் பேறாகவே உயர்த்திப் பேசுகிறார். தந்தையாருக்குத் தெரிந்த கூலியும் அதுதான். பத்திரத்தில் இருந்த கூலியோ பணமல்ல, பாட்டனாரே. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி வேறு கருத்துகளும் உண்டு. ஆயினும் மலைநாட்டில், மனிதனுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தின் பெயர் மனிதன் மேலேயே ஒட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. தோட்டத் துரைமாருக்காக 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட தமிழ்க் கைநூலுக்கு ‘கூலித் தமிழ்’ என்றே பெயர். அதற்கும் முன்னர் பெர்குசன் சின்னத்துரைமாருக்காக எழுதிய கையேட்டின் தலைப்பு ‘இங்கே வா’. துரைமாரும் எம் மொழியைக் கற்றார்கள், ஏவுவதற்காகக் கற்றார்கள்.

வேலை கிடைத்துப் பதுளையில் அறை தேடியபோது, வீட்டுக்காரச் சிங்கள அம்மையார் மாதம் எவ்வளவு ‘குலிய’ என்று சொன்னார். சிறுவயது முதல் கேட்ட சொல்தான். அன்றுதான் காதில் உறைத்தது. சிங்களத்தில் அது வாடகை. தமிழில் சம்பளம், சிங்களத்தில் வாடகை, ஆங்கிலத்தில் மனிதன். மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் லயத்து வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. லயத்துக் காம்பராவுக்கு வாடகை இல்லை. ஆனால் உழைப்பு நின்றால் கூரையும் நிலையில்லை. கூலிதான் வீடு, கூலிதான் ஆள்.

மூன்றாம் மொழி ஒருவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவும் கூடும். அவர்களிடமே திருப்பி அனுப்பவும் கூடும். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் துயரத்தை ஆங்கிலத்தில் கவிதையாக்கியவர். அதே மனிதர்தான் எழுதப் படிக்க அறியாத அம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆங்கிலம் அவர் காதை அடைத்துவிடவில்லை.

என் காதும் பிறகுதான் திறந்தது. அம்மாவைத் திருத்துவதை நிறுத்திக்கொண்டேன். துரைமாரின் ஏட்டில் கூலியாக இருந்தவர்கள், தம் பேச்சில் ஒரு நாள் உழைப்பைப் ‘பேர்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆயிரத்துக்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத என் தந்தையார் அந்தப் பத்திரத்தைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. கூலி என்று எழுதியிருந்தால், எவ்வளவு என்றுதானே கேட்க வேண்டும்?