மாடத்தின் கீழே

அரசர்க்கும் அதிகாரிகட்கும் உரிய சொற்கள், அரண்மனை மறைந்தபின் எங்கே செல்கின்றன? சில ஏடுகளில் உறங்குகின்றன. சில நகைச்சுவையின் துணைகொண்டு வீதியில் உலவுகின்றன. தென்சீனத்துக் கன்டன் மொழி இதற்குச் சிறந்த சான்றாகும்.

அம்மொழியில் "கொக் ஹா" என்பது உயர்ந்தோரை விளிக்கும் சொல். "மாடத்தின் கீழே" என்பது அதன் நேர்ப்பொருள். மாடத்தில் வீற்றிருக்கும் பெரியவரை நேரே அழைக்க அஞ்சி, கீழே நிற்கும் ஏவலரை நோக்கிப் பேசிய பணிவு அதில் உறைந்துள்ளது. ஹொங்கொங் நீதிமன்றங்களில் நீதிபதியை இன்றும் இச்சொல்லால் விளிப்பர். ஆயின், காலந்தாழ்த்தி வரும் தோழனையும் இதே சொல்லால் வரவேற்பதுண்டு! "யௌ ஹோ குவாய் கோன்", அதாவது "தங்கள் மேன்மைமிகு அலுவல் யாதோ?" என்னும் வினாவும் அத்தகையதே. வேண்டாத வேளையில் கதவைத் தட்டுபவனிடம் அதனைக் கேட்டால், அது பணிவன்று, குத்தல்.

இந்நிலை எவ்வாறு தோன்றியது? சீனப் பேரரசில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அரசுப் பணிக்கு வாயிலாய் விளங்கியது தேர்வு. பழைய இலக்கிய நடையே அதற்கு உயிர். 1905-ல் தேர்வு ஒழிந்தது. 1911-ல் மூண்ட புரட்சியால் பேரரசும் வீழ்ந்தது. 1919-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேச்சுநடை எழுத்தில் ஏறிற்று. ஆங்கிலேயர் ஆண்ட ஹொங்கொங்கிலோ பழைய நடை நெடுங்காலம் நிலைத்தது. 1927-ல் அங்கு உரையாற்றிய எழுத்தாளர் லூ சுன் அப்பழமைப் பற்றைக் கண்டித்தார்.

நாளிதழ் எழுத்தாளரோ அந்நடையை வேறு விதமாய்க் கையாண்டனர். இலக்கிய நடை, பொதுவான பேச்சுநடை, கன்டன் பேச்சு ஆகிய மூன்றையும் கலந்தெழுதிய முறைக்குச் "சாம் கப் தாய்" என்று பெயர். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடங்களை நினைவூட்டும் பெயர் அது. பன்றியின் ஈரல் முதலிய மூவகை இறைச்சி சேர்ந்த கஞ்சிக்கும் அதுவே பெயர்! 1940களிலிருந்து சாம் சோ என்னும் புனைபெயருடையார் இந்நடையில் நகரத்து நடப்புகளை எள்ளி எழுதிப் புகழ்பெற்றார். அறிஞர்தம் கம்பீர நடையில் அங்காடிச் செய்தி வந்தபோது வாசகர் சிரித்தனர்.

எனினும் எள்ளலுக்கு நினைவு வேண்டும். சொல்லின் பழைய மதிப்பைக் கேட்பவன் அறிந்திருந்தால்தான் குத்தல் தைக்கும். அவ்வறிவு குன்றுமாயின் முதலில் நகை மங்கும். பின்னர்ச் சொல்லும் மறையும். பழமையைக் கேலி செய்வோரே பழஞ்சொற்களுக்குக் காவலராய் நிற்பது மொழி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.