இளவேனிற் குறிப்புகளும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டுகள், செப்பேடுகள், அரச ஆவணங்கள், பயணிகளின் குறிப்புகள் ஆகியனவே முதலில் நினைவிற்கு வருகின்றன. ஆட்சியும் போரும் வாணிபமும் இவற்றால் விளக்கம் பெறுகின்றன. ஆனால், மரங்கள் எந்நாளில் துளிர்த்தன, பறவைகள் எந்நாளில் வந்தன என எழுதிவைத்த குறிப்பேடு வரலாற்று மூலமாகுமா? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலே தொடங்கப்பட்ட ஒரு பதிவு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

அப்பதிவைத் தொடங்கியவர் றொபேட் மார்ஷம் (1708–1797). நோர்போக் மாவட்டத்து நிலவுடைமையாளரான இவர் மரம் வளர்ப்பதிலே பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். கடுங்குளிரில் இலையுதிர்ந்து நிற்கும் மரங்கள் மீண்டும் துளிர்க்கும் இளவேனிற் காலமே அந்நாட்டில் இயற்கையின் மாற்றங்கள் தெளிவாகப் புலப்படும் காலமாகும். 1736இல் மார்ஷம் அக்காலத்தின் அறிகுறிகளை நாள் குறித்து எழுதத் தொடங்கினார். ஓக், பீச் முதலிய மரங்கள் இலைவிட்ட நாள், தவளைகளும் தேரைகளும் ஒலித்த நாள், தகைவிலான் முதலில் தோன்றிய நாள், குயிலும் நைற்றிங்கேலும் பாடத் தொடங்கிய நாள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சி பறந்த நாள் என 27 அறிகுறிகள் அவரது பட்டியலில் இடம்பெற்றன. 1789இல் இப்பட்டியல் இலண்டன் றோயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

மார்ஷம் தனித்து நின்றவரல்லர். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லினேயஸ் 1751இல் வெளியிட்ட நூலில் இத்தகைய நாட்பதிவுகளின் முறையை எடுத்துரைத்தார். செல்போண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மதகுரு கில்பேட் வைற் தம் ஊரின் இயற்கையை ஆண்டுக்கணக்காகக் குறித்துவந்தார். மார்ஷமும் வைற்றும் 1790 முதல் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். வைற் 1793 யூன் மாதத்தில் மறையும்வரை அது நீடித்தது. தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன என்பது அவர்கள் காலத்தில் தீராத வினா. அவை யாவும் தூரதேசம் செல்வதில்லை, சில எங்கேனும் மறைந்து உறங்கக்கூடும் என்ற எண்ணம் வைற்றை விட்டு நீங்கவில்லை. அவ்வெண்ணம் பிழையாயிற்று. ஆயினும் அப்பறவைகளைக் கண்டதாக அவர் குறித்த நாட்கள் பயனற்றுப் போகவில்லை. விளக்கம் தவறினும் பதிவு நிலைக்கும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

மார்ஷமின் மறைவுக்குப் பின் அவரது குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்ட ஓர் இடைவெளி தவிர, 1958 வரை இப்பணியைத் தொடர்ந்தனர். இத்தகைய நெடும்பதிவை அப்படியே ஏற்றல் வரலாற்று மாணவனுக்குத் தகாது. 1752இல் இங்கிலாந்து யூலியன் நாட்காட்டியைக் கைவிட்டுக் கிறெகரியின் நாட்காட்டியை ஏற்றபோது பதினொரு நாட்கள் நீக்கப்பட்டன. எனவே, முற்பட்ட ஒரு திகதி எந்த நாட்காட்டியைச் சார்ந்தது என அறியாது அதனைப் பிற்பட்டதோடு ஒப்பிடல் இயலாது. பார்ப்பவர் மாறினால் பார்வையின் கூர்மையும் மாறும். முதற் பறவையைக் காண்பது பார்ப்பவரின் முயற்சியையும் பறவைகளின் தொகையையும் பொறுத்தது. கல்வெட்டுக்குரிய மூலத்திறனாய்வு குறிப்பேட்டிற்கும் உரியதே.

இத்திறனாய்வுக்குப் பின்னரே அதன் பெறுமதி வெளிப்படுகின்றது. மத்திய இங்கிலாந்தின் மாதாந்த வெப்பநிலை 1659 முதல் கோவைப்படுத்தப்பட்டுள்ளது. இத்தகைய வெப்பநிலைத் தரவுகளோடு மார்ஷம் குடும்பத்தின் பதிவுகளை ஒப்பிட்ட ஸ்பாக்ஸ், கேரி என்போரின் ஆய்வு 1995இல் வெளிவந்தது. வெப்பம் மிக்க ஆண்டுகளில் மரங்கள் முந்தி இலைவிட்டமையையும், எல்லா உயிர்களும் ஒரே அளவில் மாறவில்லை என்பதையும் அது காட்டியது. இவ்வேறுபாடே கவலைக்குரியது. ஓக் இலையை உண்ணும் புழுக்களை நம்பிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் உள. புவி வெப்பமடைதலால் இலையும் புழுவும் முந்த, தொலைவிலிருந்து வரும் பறவை அதே அளவு முந்தாவிடின் குஞ்சுகளுக்கு உணவு குன்றும். மேலும், மார்ஷம் ஆண்டுதோறும் கேட்ட நைற்றிங்கேல் இன்று பிரித்தானியாவில் பெரிதும் அருகிவிட்டது. காடுகளின் தன்மை மாறியமை முதலிய பிற காரணங்களும் இதற்கு உண்டு. எவ்வாறாயினும், அன்று வரவைக் குறித்த பட்டியல் இன்று இழப்பை அளக்கும் கோலாகியுள்ளது.

யப்பானிலும் இதையொத்த சான்று உண்டு. கியோற்றோ நகரின் செறிமலர் பூத்த நாட்கள் அரசவையினரதும் துறவியரதும் நாட்குறிப்புகளிலிருந்து 9ஆம் நூற்றாண்டுவரை பின்னோக்கித் திரட்டப்பட்டுள்ளன. மலர்விழாவை எழுதியோர் காலநிலை வரலாற்றை எழுதுவதாகக் கருதியிருக்கமாட்டார்கள். தம் காலத்தார்க்குச் செய்தி கூறவென எழுதப்பட்ட சான்றிலும், எழுதியவர் கருதாமலே உண்மையை உணர்த்தும் சான்றினைப் பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் புளொக் பெரிதும் மதித்தார். இளவேனிற் குறிப்புகள் அவ்வகையின.

இவற்றிற்கு எல்லையும் உண்டு. மார்ஷமின் ஏட்டிலுள்ளது நிலவுடைமையாளர் ஒருவரின் பார்வையே. அந்நிலத்தில் உழைத்தோரும் பருவத்தின் வரவை அறிந்தேயிருப்பர். ஆயின், அவர்கள் அறிந்தது இவ்வேட்டில் அவர்களது சொல்லாக இடம்பெறவில்லை. எழுதப்படாத இளவேனில்களைப் பின்வந்தோர் முழுமையாக மீட்டெழுத முடியாது. இதனாலேயே, ஒரு மரம் துளிர்த்த நாளை ஆண்டு தவறாது குறித்துவைத்தவரின் எளிய பணியையும் வரலாற்றுப் பணியாகக் கொள்ளல் பொருந்தும்.